7.7 அரிசாகாவுக்கு .30-06 கூட்டை உருமாற்றுவது

அரிசாகா வகை ஜப்பானியத் துப்பாக்கியான டைப் 99-இன் பெயரில் உள்ள 99, அவர்களுடைய அரச ஆண்டுக் கணக்கான 2599-இன் கடைசி இரண்டு இலக்கம். நம் நாட்காட்டியில் 1939. பழைய 6.5 மி.மீ. டைப் 38-க்குப் பதிலாக 7.7 மி.மீ. தோட்டாவுக்கு ஜப்பான் ராணுவம் மாறியபோது வந்த துப்பாக்கி இது. போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இவற்றைப் பெருமளவில் நினைவுப்பொருளாக எடுத்துப்போனார்கள். துப்பாக்கி கடல் தாண்டியது, தோட்டா தாண்டவில்லை. பிற்பாடு ஸ்வீடனின் நார்மா, அமெரிக்காவின் ஹார்னடி, செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் எல்லோரும் 7.7-ஐச் செய்திருக்கிறார்கள். ஆனால் நிறைய விற்கும் அளவுகளுக்குத்தான் தொழிற்சாலை முதலில் இயந்திரத்தை ஓட்டும். 7.7 மாதிரியான அளவு எப்போதாவது ஒருமுறை கடைக்கு வரும், வந்த வேகத்தில் தீர்ந்துபோகும்.

அமெரிக்க ரைபிள் தோட்டாவான .30-06-ஐச் சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடோ அங்கே சுடுதளத் தரையில் கிடக்கும் பொருள். அதிலிருந்து 7.7 செய்ய முடிவதற்குக் காரணம் இரண்டின் அடியும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான். .30-06-இன் விளிம்பு 0.473 அங்குலம், 7.7-இன் விளிம்பு 0.474. அடிக்குச் சற்று மேலே உடம்பின் விட்டம் .30-06-இல் 0.471-ஐ ஒட்டி, 7.7-இல் 0.472. நீளத்தில் .30-06 பெரியது: 2.494 அங்குலம், அதாவது 63.35 மி.மீ. நமக்கு வேண்டியது 58 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. நீளமானதைக் குறைக்கலாம், குட்டையானதை நீட்ட முடியாது. 8×57 மவுசர் கூட்டிலும் சிலர் செய்கிறார்கள். குண்டைப் பிடிக்கும் கழுத்து சற்றே குட்டையாக வரும், சுடும், ஆனால் மனசுக்கு ஒப்பாது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் கருவிகளையும்கூட அந்தச் சட்டம் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கீழே உள்ள வேலை, அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில், அமெரிக்காவைப் போன்ற நாட்டில் நடப்பது. வெடிமருந்தின் அளவு எதையும் இங்கே தரவில்லை. அது வெளியான கையேட்டில் பார்க்கவேண்டிய விஷயம், வலையில் படித்து நம்புகிற விஷயம் இல்லை.

இந்த வேலையில் பலரும் கவலைப்படுவது நீளத்தைப் பற்றி. அறுப்பது எளிது, அறுத்ததும் கூடு பார்க்க 7.7 மாதிரியே ஆகிவிடும், அதனால் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் கவலைப்படவேண்டியவை இரண்டு: உடம்பு குறுகிக் கழுத்தாகும் சரிவான தோள் எங்கே உட்கார்ந்திருக்கிறது, கழுத்தின் சுவர் எவ்வளவு தடிமன். இந்த இரண்டும் புத்தகத்தில் இல்லை, உங்கள் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள்தான் இருக்கின்றன.

முதலில் துப்பாக்கி

கையில் இருப்பது உண்மையிலேயே 7.7 தானா என்று பார்த்துவிட்டுத்தான் பித்தளையைத் தொடவேண்டும். கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்க மேற்பார்வையில் ஜப்பானில் ஏராளமான டைப் 99-கள் .30-06-க்கு அறை கடையப்பட்டன. அவை தவிர, ஊரில் உள்ள துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் கொடுத்து .30-06-க்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. மேலே முத்திரை எதுவும் இருக்காது. .30-06 தோட்டா நீளம் கூடுதல் என்பதால் மாகசின் வாயின் முன்விளிம்பில் அரம் போட்ட தடம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அப்படி மாற்றிய அறையில் 7.7 கூட்டைப் போட்டால் தோளுக்கு முன்னால் வெற்றிடம், அடிக்குப் பின்னால் அழுத்தம். கூடு நடுவில் அறுந்துபோகும்.

இதைவிட மோசமானது பயிற்சித் துப்பாக்கி. பள்ளி மாணவர்களுக்கு அணிவகுப்பும் வெற்று வேட்டும் பழக்க ஜப்பானில் செய்தவை. தூரத்தில் இருந்து பார்த்தால் அசல் போலவே இருக்கும். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் மரை இருக்காது, குழலைத் தாங்கும் உடற்பகுதியான ரிசீவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. இதில் உண்மைத் தோட்டாவைச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கும். குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், மரை இல்லையென்றால் அதைச் சுவரில் மாட்டிவிடுங்கள். மேலே உள்ள, ஜப்பான் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரை தேய்க்கப்பட்டிருப்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு கட்ட முடியாது. சரணடைந்தபோது அசல் துப்பாக்கிகளிலும் அதைத் தேய்த்துவிட்டார்கள்.

இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்தபின் அறையை வார்ப்பெடுக்கவேண்டும். இதற்கு செர்ரோசேஃப் என்ற உலோகம் இருக்கிறது: பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்தது. கொதிநீரைவிடக் குறைந்த சூட்டில், 71-இல் இருந்து 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அறையைச் சுத்தமாகத் துடைத்து, மிகமிக மெல்லிய எண்ணெய் பூசி, மரை தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் துணியை அடைத்து, பின்பக்கம் இருந்து ஊற்றுங்கள். இறுகிய பிறகு முதல் அரை மணியில் இது கொஞ்சம் சுருங்கும். வெளியே தட்டி எடுக்க அதுதான் நேரம். பிறகு மெல்ல விரிந்து, வார்த்து ஒரு மணி நேரம் ஆகும்போது அறையின் உண்மை அளவுக்கு வந்து நிற்கும். அப்போது அளக்கவேண்டும். மறுநாள் ஞாபகம் வந்து அளந்தால் அது வேறு எண்ணாக இருக்கும், ஏனென்றால் விரிவது நிற்பதில்லை. காட்மியம் இருப்பதால் நேரடித் தீயில் காய்ச்சவேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினால் போதும். சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது.

வார்ப்பில் அளக்கவேண்டியவை: கழுத்தின் விட்டம், கழுத்து முடியும் இடம் வரை நீளம், அடிப்பக்க விட்டம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போர்க்கால ஜப்பானிய அறைகள் தாராளமாகக் கடையப்பட்டவை. சேறும் மணலும் போனாலும் தோட்டா உள்ளே போகவேண்டும் என்பதே அவர்களுடைய கவலை, கூட்டை மறுபடி பயன்படுத்துபவரின் கவலை அவர்களுக்கு இல்லை.

எந்தப் பித்தளை

புதிதாக வாங்கிய வணிகக் கூடு என்றால் நேராக வேலையைத் தொடங்கலாம். ஒருமுறை சுட்டது என்றாலும் சரி. நான்கைந்து முறை சுட்டு கூட்டை அளவுக்கு அழுத்தும் எஃகு அச்சான டையில் மீண்டும் மீண்டும் ஏறியது என்றால் இந்த வேலைக்கு வேண்டாம். கழுத்தும் தோளும் இறுகிப்போயிருக்கும், உருமாற்றும்போதே பிளக்கும்.

ராணுவக் கூட்டில் இரண்டு விஷயம். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உட்காரும் அடிக்குழியின் வாயைச் சுற்றி மடித்துக் கிரிம்ப் போட்டிருப்பார்கள். பழைய பிரைமரைத் தள்ளி எடுத்தபின் அந்த மடிப்பை அழுத்தி விரித்தோ (ஸ்வேஜ்) கடைந்தோ நீக்காவிட்டால் புதிய பிரைமர் நேராக உட்காராது. இரண்டாவது, சில ராணுவக் கூட்டின் சுவர் தடிமன். உள்ளே கொள்ளளவு குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். ஒரே தயாரிப்பாளர், ஒரே முத்திரை என்று பிரித்து எடுத்து, எடைபோட்டு, விலகி நிற்பதை ஒதுக்குங்கள். பலசரக்கு மாதிரிக் கலந்து எடுத்தால் ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும், எதில் பிழை என்று கடைசிவரை தெரியாது.

.270 வின்செஸ்டர் கூட்டும் இதே குடும்பம்தான், இன்னும் நீளம். ஆனால் அதன் கழுத்தை .277-இல் இருந்து .311 வரை விரிக்கவேண்டும். .30-06 கிடைக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் போக அவசியம் இல்லை.

தோளைப் பின்னுக்குத் தள்ளுவது

7.7-இன் தோள் .30-06-இன் தோளைவிட அடிக்கு நெருக்கமானது. 7.7 டையில் .30-06 கூட்டை ஏற்றும்போது நடப்பது இதுதான்: பழைய தோள் நசுங்கிக் கழுத்தாகிறது, உடம்பின் மேல்பகுதி புதிய தோளாகிறது. பித்தளை எங்கேயும் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் காரணம் புரியும்.

முடிந்தால் ஃபார்ம் அண்ட் டிரிம் டை ஒன்று வாங்குங்கள். இதில் கூட்டை முழுக்க ஏற்றினால் மிச்சமான கழுத்து டையின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஹாக்சா பிளேடால் அறுத்து, அரத்தால் மட்டமாக்கவேண்டியதுதான். டையின் உச்சி கடினப்படுத்தப்பட்டிருப்பதால் அரம் அதில் வழுக்கும், வெட்டாது. நுண்பல் பிளேடு வேண்டும், அங்குலத்துக்கு 32 பல். பெரிய பல் பித்தளையைப் பிடித்து இழுத்து வாயைக் கிழித்துவிடும்.

அந்த டை இல்லாவிட்டால் கூடு முழுவதையும் அளவாக்கும் சாதாரண 7.7 ஃபுல் லெங்த் டையே போதும். முதலில் கூட்டைச் சுமார் 59.5 மி.மீ.க்கு அறுத்துக்கொள்ளுங்கள். முழு நீளத்தோடு ஏற்றினால் கழுத்து டைக்குள் மேலே மோதி மடங்கும். கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பேண்டர் தண்டை முதல் முறை கழற்றிவிடுங்கள். தோளை ஒரு வேலையாகவும் கழுத்தை விரிப்பதை இன்னொரு வேலையாகவும் செய்தால் பித்தளை இரண்டு பக்கம் இழுபடாது.

மசகு பூசுவதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். லானோலின் கலந்த மெழுகுதான் இதற்கு ஏற்றது, உடம்பில் மெல்லிய படலமாக, விரல் நுனியால். தோளில் பூசவே கூடாது. அங்கே தேங்கிய மசகுக்கு வெளியேற வழி இல்லை. திரவம் நசுங்காது, பித்தளைதான் உள்வாங்கும். தோளில் சப்பையான குழிகள் விழுந்தால் அது மசகு அதிகம் என்பதற்கு அடையாளம். நீளவாக்கில் சுருக்கமும் மடிப்பும் விழுந்தால் வேறு காரணம்: ஒரே அழுத்தில் முழுவதையும் தள்ளியது, அல்லது பித்தளை இறுகிப்போனது. கொஞ்சம் அழுத்தி, பின்வாங்கி, கூட்டைச் சற்றுத் திருப்பி, மறுபடி அழுத்துங்கள். மூன்று நான்கு தவணையில் போய்ச்சேரட்டும். மடிப்பு ஆழமாக விழுந்த கூட்டைச் சுட்டுச் சரிசெய்யலாம் என்று நினைக்கவேண்டாம், அந்த இடத்தில் விரிசல் ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

மசகு போதாவிட்டால் கூடு டையில் மாட்டிக்கொள்ளும், கூட்டை டைக்குள் ஏற்றி இறக்கும் பிரஸ் அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு கீழே வரும். பதற்றத்தில் சுத்தியை எடுக்கவேண்டாம். அடியில் பிரைமர் துளை வழியே துளையிட்டு, கால் அங்குல மரை வெட்டி, திருகாணியைத் திருகி இழுத்தால் வந்துவிடும். இதற்கென்றே சிறு கருவிப்பெட்டி விற்கிறார்கள். முதல் நாளே ஒன்று வாங்கி வைத்தவருக்கு அது தேவைப்படுவதே இல்லை என்பது வேறு கதை.

எங்கே நிறுத்துவது

7.7 ‘விளிம்பில்லாத’ வகை, அதாவது விளிம்பு உடம்பைத் தாண்டி வெளியே நீட்டாது. அறைக்குள் அது முன்னே போகாமல் தடுத்து நிறுத்துவது தோள் மட்டுமே. டை பெட்டியில் உள்ள குறிப்பு, டையை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் தொடும்வரை திருகு, பிறகு இன்னும் கால் சுற்று என்று சொல்லும். அதைக் கேட்டு நடந்தால் டை தயாரித்தவர் நினைத்த மிகச் சிறிய அறைக்குக் கூடு தயாராகும். தாராளமான டைப் 99 அறையில் அந்தக் கூட்டுக்குத் தோளில் இடைவெளி விழும். சுட்டவுடன் கூட்டின் முன்பகுதி அறைச்சுவரைப் பற்றிக்கொள்ளும், அடி பின்னே தள்ளப்படும், நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். அடியில் இருந்து ஒரு செ.மீ. உயரத்தில் பளபளவென்று ஒரு வளையம் தோன்றும். அடுத்த ஒன்றிரண்டு வேட்டில் அந்த வளையத்தில் கூடு இரண்டாக அறும்.

அதனால் டையை மேலே வைத்துத் தொடங்குங்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்றுக்கு 0.0714 அங்குலம் இறங்கும், எட்டில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்பது, பதினாறில் ஒரு சுற்றுக்கு நாலரை. ஆரம்பத்தில் எட்டில் ஒன்றாக இறக்கி, அறையை மூடும் தாழான போல்ட் பாதி மூடும் நிலைக்கு வந்ததும் பதினாறில் ஒன்றாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் மசகைத் துடைத்துவிட்டுக் கூட்டை அறையில் போட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனையின்போது போல்ட்டுக்குள் ஸ்பிரிங் இருக்கக்கூடாது. அதன் அழுத்தம் கையின் உணர்வை மறைத்துவிடும். அரிசாகாவில் இது ஒரு நிமிட வேலை: பின்னால் உள்ள பெரிய வட்டப் பாதுகாப்புக் குமிழை உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினால் கழன்று வரும், ஸ்பிரிங்கும் பிரைமரைக் குத்தும் ஸ்டிரைக்கரும் பின்னாலேயே வந்துவிடும். உலகப்போர்த் துப்பாக்கிகளில் இவ்வளவு குறைந்த பாகங்களோடு இவ்வளவு எளிதாகக் கழலும் போல்ட் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. மவுசர் ரசிகர்கள் மன்னிக்கவேண்டும்.

போல்ட் கைப்பிடி கடைசிக் கொஞ்ச தூரத்தில் லேசான எதிர்ப்போடு கீழே இறங்கவேண்டும். தானாகத் தொப்பென்று விழுந்தால் அளவு தாண்டிவிட்டது. அந்த லேசான எதிர்ப்பு கிடைத்த இடத்தில் டையின் பூட்டு வளையத்தை இறுக்கி, வெளியே ஒரு கோடு போட்டு வையுங்கள். கூடு ஒவ்வொன்றும் டையில் இருந்து வந்தபின் கொஞ்சம் விரிந்து திரும்பும், அதனால் பத்து கூட்டிலாவது சோதித்த பிறகுதான் மிச்சத்தை ஓட்டவேண்டும்.

நீளத்தை இதற்குப் பிறகுதான் இறுதியாக்குவது. வார்ப்பில் கழுத்து முடியும் இடம் வரை அளந்தீர்கள் அல்லவா, அதற்குக் கால் மி.மீ. குறைவாக வெட்டுங்கள். கையேட்டில் சொன்ன அதிகபட்ச நீளம் இதைவிடக் குறைவாக இருந்தால் கையேட்டின் பேச்சைக் கேளுங்கள். வாய் உள்ளும் புறமும் பிசிர் நீங்கச் சாய்த்துச் சீவவேண்டும்.

கழுத்து

கூட்டின் சுவர் எங்கும் ஒரே தடிமன் இல்லை. வாயில் மெல்லியது, அடியை நோக்கிப் போகப்போகத் தடிக்கும். வாய்ப்பகுதியை அறுத்து எறிந்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த தோளைக் கழுத்தாக்கியிருக்கிறோம். ஆக நம் புதிய கழுத்து, தொழிற்சாலை நினைத்ததைவிடத் தடிமன். அதோடு, பெரிய விட்டத்தில் இருந்த உலோகம் சிறிய விட்டத்துக்குள் நெருக்கப்பட்டதாலும் சுவர் கூடும்.

இதைச் சும்மா விட்டால் என்ன ஆகும்? குண்டின் விட்டம் 0.311 அங்குலம். சுவர் ஒரு பக்கம் 0.018 என்று வைத்துக்கொண்டால் குண்டு வைத்த கழுத்தின் வெளிவிட்டம் 0.347. அறையின் கழுத்து 0.344 என்றால் போல்ட்டே மூடாது, தப்பித்தோம். 0.347 என்றால்தான் ஆபத்து, ஏனென்றால் கையால் அழுத்தி மூடிவிடலாம். சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விடவேண்டும். விரிய இடம் இல்லை. குண்டு பிடிபட்டு நிற்க, பின்னால் அழுத்தம் தறிகெட்டு ஏறும்.

கணக்கு எளிது. அறைக் கழுத்தின் விட்டத்தில் இருந்து குறைந்தது ஆயிரத்தில் நான்கைக் கழியுங்கள். வந்ததில் குண்டின் விட்டத்தைக் கழியுங்கள். மிச்சத்தைப் பாதியாக்குங்கள். அறை 0.344 என்றால் 0.340, அதில் 0.311 போக 0.029, பாதி 0.0145. சுவர் அதற்கு மேல் இருக்கக்கூடாது. அளக்க பந்துமுனை மைக்ரோமீட்டர் வேண்டும். காலிப்பரின் தட்டைத் தாடை உள்வளைவில் சரியாக உட்காராமல் தடிமனைக் கூட்டிக் காட்டும்.

மெலிதாக்க இரண்டு வழி. உள்ளே ரீமர் என்ற கடையும் கருவியை விடுவது ஒன்று. கூட்டை ஃபார்ம் டைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, டையின் வாய் வழியாகவே ரீமரைச் செலுத்தினால் மையம் தப்பாது. வெளியே கடைவது மற்றொன்று, மாண்ட்ரல் என்ற உருளைத் தண்டில் கூட்டைச் செருகிச் சுற்றிவரச் சீவுவது. வெளியே கடைவதுதான் சுவரைச் சமமாக்கும், ஆனால் அதில் ஒரு வில்லங்கம்: பழைய தோள் இருந்த இடம், அதாவது புதிய கழுத்தின் அடிப்பகுதி, உட்புறம் ஒரு வளையமாகத் தடித்து நிற்கும். மெதுவடையின் ஓட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி. குண்டின் அடி அந்த வளையத்தைத் தொடும் ஆழத்துக்குப் போனால் அங்கே இறுகும், கடைந்த வேலை முழுக்க வீண். எனவே முதலில் உள்ளே ரீமர் விட்டு அந்த வளையத்தை எடுத்துவிட்டு, பிறகு தேவைப்பட்டால் மட்டும் வெளியே கடைவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

.308 எக்ஸ்பேண்டரைப் போட்டுவிட்டுப் பிறகு .311 குண்டை அழுத்துபவர்கள் உண்டு. கழுத்து அளவுக்கு மீறி இறுகும், குண்டின் மேல்தோலைச் சீவும். 7.7-க்கு உரிய எக்ஸ்பேண்டரையே போடுங்கள். அதேபோல் .308 குண்டை இந்தக் குழலில் சுட்டால் மரையைப் பிடிக்காமல் தள்ளாடும்.

இளக்குவது

இவ்வளவு நசுக்கலும் இழுப்பும் பட்ட கழுத்து இறுகிப்போயிருக்கும். பாத்திரம் தட்டுபவர்கள் நாலு சுற்று அடித்ததும் தகட்டைத் தீயில் காட்டி இளக்கிக்கொள்வதும் இதற்காகத்தான். தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அடிக்க அடிக்க இறுகும், காய்ச்சினால் இளகும். எஃகைப் போல நீரில் தோய்த்தால் கடினமாவதில்லை. நீரில் போடுவது சூடு அடிவரை இறங்காமல் தடுக்க மட்டும்.

வித்தியாசம் என்னவென்றால் பாத்திரத்தை முழுக்க இளக்கலாம், கூட்டை முழுக்க இளக்கக்கூடாது. அடி கடினமாகவே இருக்கவேண்டும். அது இளகினால் பிரைமர் குழி விரிந்து, சுட்டவரின் முகத்துக்கு வாயு பீறிடும். அடுப்பிலோ அவனிலோ கூட்டை மொத்தமாகப் போடவேண்டாம் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

கை டிரில்லில் ஒரு சாக்கெட்டை மாட்டி, கூட்டை அதில் நிறுத்தி, மெதுவாகச் சுற்றவிட்டு, கழுத்தும் தோளும் சந்திக்கும் இடத்தில் புரொப்பேன் தீயைக் காட்டுங்கள். எத்தனை நொடி என்பது தீயைப் பொறுத்தது. பெரும்பாலும் பத்துக்குள் முடியும். கண்ணை நம்புவதைவிட குறிப்பிட்ட சூட்டில் உருகும் டெம்பிலாக் மையை நம்பலாம். 400 டிகிரி செல்சியஸில் உருகுவதைக் கழுத்தின் உள்ளே ஒரு கோடு, 230 டிகிரியை ஒட்டி உருகுவதை உடம்பில் தோளுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு. உள்ளே உள்ளது உருகவேண்டும், வெளியே கீழே உள்ளது உருகக்கூடாது. இருட்டறையில் கழுத்து சிவந்து ஒளிர்ந்தால் பதம் தப்பிவிட்டது. அந்தக் கழுத்து இனிக் குண்டை இறுக்கிப் பிடிக்காது, தூக்கி எறியுங்கள்.

இளக்காமல் விட்டால் உடனே ஒன்றும் ஆகாது என்பதுதான் இதில் உள்ள தந்திரம். பெட்டியில் வைத்த கூடு ஆறு மாதம் கழித்துத் தானாகப் பிளந்து கிடக்கலாம். இதை உலகம் கற்றுக்கொண்டது நம் நாட்டில். ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கழுத்து, சுடாமலே வெடித்துப் பிளந்தது. பருவகாலத்தை வைத்து அதற்கு ‘சீசன் கிராக்கிங்’ என்று பெயர் வைத்தார்கள். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவரும் காரணத்தை விளக்கினார்கள்: உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை, அதோடு குதிரை மூத்திரத்தில் இருந்து எழுந்த அம்மோனியா. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் பிளவு இல்லை. ராணுவக் கூட்டின் கழுத்தில் தெரியும் நீலம் கலந்த பழுப்புக் கறை, இளக்கிய தீயின் தடயம். அதை மெருகேற்றி அழிக்காமல் விடுவதே, இளக்கியாயிற்று என்பதைக் காட்டத்தான்.

ஆகவே இந்தக் கூட்டை அம்மோனியா உள்ள பாலிஷ் திரவத்தால் துடைக்காதீர்கள். நம் வீட்டுக் குத்துவிளக்குக்குப் போடும் புளிதான் சரியான பாதை. அமிலம் கறையை எடுக்கும், பித்தளைக்குள் விரிசலைத் தூண்டாது. பட்டறையில் புளிக்குப் பதில் சிட்ரிக் அமிலம், வெதுவெதுப்பான நீரில் கொஞ்சமாக, பத்து நிமிடம். ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் கூடு இளஞ்சிவப்பாக இருக்கும், மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மிச்சமாகிவிட்டது என்று பொருள்.

முதல் வேட்டு

கூடு முழு உருவம் பெறுவது அறைக்குள் முதல்முறை சுடும்போதுதான். கையேட்டில் 7.7-க்குச் சொன்ன தொடக்க அளவைத் தாண்டவேண்டாம், .30-06-க்கு உரிய பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். .30-06-இன் அடி விட்டம் சற்றுக் குறைவு, ஜப்பானிய அறை தாராளம், அதனால் கூடு அறையின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்து ஒருபக்கம் மட்டும் புடைக்கும். அடிக்குச் சற்று மேலே மெல்லிய ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்றினால் நடுவில் நிற்கும், புடைப்பு சமமாக வரும். முதல் வேட்டுக்கு மட்டும்தான் இது.

சுட்ட கூட்டின் வாயில் புதிய குண்டு ஒன்றைக் கையால் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போகவேண்டும். போகவில்லையென்றால் கழுத்து விரிய இடம் இல்லை என்று அர்த்தம், மிச்சக் கூடுகளைச் சுடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி ரீமருக்குப் போங்கள். பிறகு காகித கிளிப்பை நிமிர்த்தி, நுனியை ஒரு மி.மீ. வளைத்துக் கூராக்கி, கூட்டுக்குள் விட்டு அடியில் இருந்து மேலே சுவரை உரசிக்கொண்டே இழுங்கள். ஒரு பள்ளத்தில் நுனி தட்டினால் சுவர் உள்ளே மெலிந்திருக்கிறது. வெளியே வளையம் தெரிவதற்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கூட்டில் தட்டினால் அந்தத் தொகுதி முழுவதையும் சோதியுங்கள், தோளை எங்கே நிறுத்தினீர்கள் என்பதையும் மறுபடி பாருங்கள்.

அடுத்த முறையில் இருந்து கழுத்தை மட்டும் அளவாக்கினால் போதும், உடம்பு இனி அந்த அறைக்கே சொந்தம். வேறொரு டைப் 99-இல் இதைப் போட்டால் மூடவும் செய்யலாம், மூடாமலும் போகலாம்.

அடியில் இன்னமும் .30-06 என்ற முத்திரை இருக்கிறது. இந்தத் தோட்டா .30-06 துப்பாக்கியின் அறைக்குள் தாராளமாக நுழையும், தோளுக்கு முன்னால் பெரிய இடைவெளி இருக்கும், முன்னால் இருப்பது .308 குழலுக்குப் பெரிதான .311 குண்டு. செய்தவருக்கு ஞாபகம் இருக்கும், பத்து வருடம் கழித்து அலமாரியைத் திறக்கும் மகனுக்குத் தெரியாது. பெட்டியில் மட்டும் எழுதினால் போதாது, தோட்டா பெட்டி மாறும். அடியில் உள்ள எழுத்தின் குறுக்கே ஒரு கோடு கீறி, அழியாத மையால் அடி முழுவதும் ஒரே நிறம் பூசி, அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதைத் துப்பாக்கியோடு கட்டிய அட்டையில் எழுதி வையுங்கள்.